காணாமற்போன விமானமும் கட்டிய கதைகளும்



2014-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் விடியுமுன், கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்எச் 370 விமானம் 239 பேரோடு மறைந்தது. அந்த வாரம் நம் தோட்டத்து ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடத்திக் கொண்டுபோய் ஏதோ தீவில் இறக்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். சுட்டு வீழ்த்திவிட்டு மறைக்கிறார்கள் என்றார் இன்னொருவர். விமானிதான் காரணம் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. மறுநாள் பிள்ளைகள் அவற்றையெல்லாம் வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். "அவ்வளவு பெரிய விமானம் எப்படி ஐயா காணாமற்போகும்?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நாம் சொன்ன பழைய வரலாறு ஒன்றை இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள். தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்சிலிருந்து சில்லி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவுக்கு ஓர் ஆங்கிலேய நிறுவனத்தின் விமானம் பறந்தது. அதன் பெயர் 'ஸ்டார் டஸ்ட்'. பணியாளர் ஐவர், பயணிகள் அறுவர். இடையே வானளாவிய ஆண்டிஸ் மலைத்தொடர். மாலை 5.41-க்கு விமானத்திலிருந்து கம்பியில்லாத் தந்தி வந்தது: 5.45-க்குச் சாந்தியாகோ வந்தடைவோம். செய்தியின் முடிவில் 'ஸ்டெண்டெக்' என்று ஒரு சொல். புரியாமல் தந்தியாளர் மீண்டும் கேட்டார். அதே சொல் மேலும் இருமுறை வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. இரு நாட்டாரும் தேடினர். ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை.

நான்கு நிமிடத்தில் இறங்கவேண்டிய விமானம் எங்கே போகும்? பயணிகளில் ஒருவர் ஆங்கிலேய அரசின் இரகசியக் கடிதங்களைக் கொண்டுசெல்பவர். ஆகவே பகைவர் வெடிகுண்டு வைத்தனர் என்றார்கள். வைரத்தைச் சட்டையின் உட்புறத்தில் தைத்துக்கொண்டு ஒருவர் ஏறினார் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. 1948-லும் 1949-லும் அதே நிறுவனத்தின் வேறு இரு விமானங்கள் அட்லாண்டிக் கடல்மேல் மறைந்தபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. பின்னாளில் பறக்கும் தட்டு நம்பிக்கையாளர்கள் வேற்றுலகத்தாரைக் கொண்டுவந்தனர். ஸ்பெயினில் பறக்கும் தட்டுகளைப் பற்றிய ஓர் இதழ் அந்தப் புரியாத சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது! இப்படிக் கதைகள் பெருகினவே தவிர, காற்றை நினைத்துப் பார்த்தவர் அரிது.

1998-ஆம் ஆண்டில் மலையேறிகள் இருவர் துப்புங்காத்தோ என்னும் சிகரத்தின் பனியாற்றில் ஒரு விமான இயந்திரத்தைக் கண்டனர். சாந்தியாகோவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கிழக்கே அந்த இடம். 2000-ல் அர்ஜென்டினாவின் இராணுவத்தார் ஏறிச் சென்று சிதைவுகளையும் உடற்பகுதிகளையும் எடுத்தனர். சக்கரங்கள் மடக்கிய நிலையில் இருந்தன. காற்றாடிகளின் வளைவு, மோதிய வேளையில் இயந்திரங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டியது. வெடிகுண்டு இல்லை, பழுதும் இல்லை.

நடந்தது இதுதான் என்று ஆராய்ந்தவர்கள் கூறினர். ஆற்றில் எதிர்நீரோட்டத்தில் சம்பான் தள்ளும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூடுபனியில் கரை தெரியவில்லை. வழக்கமாகப் பிடிக்கும் நேரத்தைக் கணக்கிட்டு, துறை வந்துவிட்டது என்று திருப்புகிறார். படகோ பாதித் தூரம்கூட வந்திருக்காது. மிக உயரத்தில் வானத்திலும் அத்தகைய வேகமான காற்றோட்டம் உண்டு. அக்காலத்தில் அவ்வளவு உயரத்தில் பறந்த பயணிகள் விமானங்கள் குறைவு. எனவே அதன் வலிமையை விமானிகள் சரிவர அறிந்திருக்கவில்லை. ஸ்டார் டஸ்ட் அந்த எதிர்காற்றில் சிக்கியது. கீழே மேகம். மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி இறங்கினார்கள். தாண்டவில்லை. மோதிய அதிர்ச்சியில் பனி சரிந்து மூடியது. பிறகு பனி கட்டியாகி, ஆமைபோல் மெல்ல நகர்ந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்து போட்டது.

விமானிமீது பழியில்லை என்று விசாரணையாளர்கள் அறிவித்தனர். அதைக் கேட்க அவர் பெற்றோர் இருந்திருக்க வழியில்லை. 'ஸ்டெண்டெக்' என்பதன் பொருளை மட்டும் பனி சொல்லவில்லை.

இனி, நம் நாட்டு விமானத்துக்கு வருவோம். அதைப்பற்றி உறுதியாகத் தெரிந்தவை சிலவே. கடைசிப் பேச்சு 1.19-க்கு. பின்பு அது திரும்பித் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மலாக்கா நீரிணைக்குமேல் சென்றதை இராணுவ ரேடார் பதிந்தது. காலை 8.19 வரை அதன் கருவி செயற்கைக்கோளுக்கு அவ்வப்போது பதில் கொடுத்தது. அதிகாலைப் பெரட்டில், இருட்டில் நிற்பவர் பேர் கூப்பிட்டதும் குரல் கொடுப்பதில்லையா? அப்படித்தான். ஆள் இருக்கிறார் என்று தெரியும். நிற்கும் இடம் தெரியாது. பதில் வந்துசேர்ந்த நேரத்தைக்கொண்டு தொலைவை மட்டும் கணித்தனர். அதனால் கிடைத்தது ஒரு புள்ளியன்று. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் ஒரு நீண்ட வளைகோடு. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடற்படுகையைத் துழாவிவிட்டு 2017 ஜனவரியில் தேடலை நிறுத்தினர். காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று 2018 ஜூலையில் வந்த மலேசிய விசாரணை அறிக்கை கூறிற்று. விமானம் திரும்பியது தானாக அன்று, ஒருவர் கை திருப்பியது என்று சொன்ன அவ்வறிக்கை, அது யாருடைய கை என்று சொல்லவில்லை. ஒட்டுக்கடையில் மட்டும் அது முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது. அந்த விமானிக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு என்பதை நாமும் அன்று எண்ணவில்லை.

2015 ஜூலையில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே ரீயூனியன் தீவின் கரையில் அவ்விமானத்தின் சிறகுத் துண்டு ஒதுங்கியது. அப்போது ஆறாம் ஆண்டில் இருந்த அதே மாணவி செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "பனி கொடுத்த மாதிரி, கடலும் மிச்சத்தைக் கொடுக்குமா ஐயா?" என்றாள். பனியாறு நகரும், ஆழ்கடலின் தரை அப்படி நகராது. மிதப்பது தானாக வரும், மூழ்கியதைப் போய்த்தான் தேடவேண்டும் என்று சொன்னோம். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.