குருதி தரும் முன்னறிவிப்பு

நீரிழிவு கண்ணைப் பறிக்கும் என்பதை மருத்துவ உலகம் அறிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. எவருடைய கண்ணைப் பறிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா என்ற வினாவோ அண்மைக் காலத்தது. இவ்வினாவின் வரலாற்றை நாம் பேராய்வுக் கூடங்களில் நின்று மட்டும் நோக்கலாகாது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகல் பகுதியிலுள்ள ஈச்சிலம்பற்றிலும் நின்று நோக்க வேண்டும்.

சிறுநீரின் இனிப்பைக் கண்ட நம் முன்னோர் இந்நோயை மதுமேகம் என்றனர். அவ்வினிப்பு சர்க்கரையே என்றும், அது இரத்தத்திலும் உண்டு என்றும் 1776இல் இங்கிலாந்து மருத்துவர் மத்தேயு டொப்சன் எடுத்துக்காட்டினார். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை அமைத்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே வியன்னாவின் எட்வார்ட் யேகர் நீரிழிவாளரின் விழித்திரையிற் கண்ட மாற்றங்களை விவரித்தார்.

ஆயினும், இளமையில் நீரிழிவுக்கு ஆளானோர் கண்பார்வை கெடுமளவு வாழ்ந்ததே அரிது. 1922இல் இன்சுலின் முதன்முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டபின் நிலை மாறிற்று. நோயாளர் நெடுநாள் வாழ்ந்தனர். நெடுநாள் நோயோ விழித்திரையின் நுண்குழாய்களை மெல்ல அரித்தது. ஒரு வெற்றியே அடுத்த சிக்கலையும் ஈன்றது என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

இக்கண்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. அது வலிப்பதில்லை, பார்வை மங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். லேசர் ஒளியால் கடும் பார்வையிழப்பைப் பெரிதும் தடுக்கலாம் என்பதை 1976இல் அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. எனவே காலத்தே கண்டறிவதே முதற்பணி ஆயிற்று.

அதற்குக் குருதி துணை வந்தது. 1968இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர், நீரிழிவாளரின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான கூறொன்றைக் கண்டார். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் அது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அக்கூறு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரைக் கணக்கைத் தன்னுள் எழுதிவைக்கிறது. 1,441 பேரை ஈடுபடுத்திய அமெரிக்க, கனடிய ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. கண்நோய் இல்லாதிருந்தோரிடையே, சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியபோது அந்நோய் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது என அது காட்டிற்று.

நம் மொழி வழங்கும் நிலத்திலும் இவ்வாய்வு நடந்தது. சென்னை நகரத்து நீரிழிவாளரில் 17.6 சதவீதத்தினருக்கு விழித்திரை நோய் இருந்ததென 2005இல் வெளியான ஆய்வு கூறிற்று. நோயின் ஆண்டுக்கணக்கும், ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவும் கூடக்கூட அபாயமும் கூடியது. சிறுநீரகமும் விழித்திரையும் நுண்குழாய்கள் நிறைந்தவை; ஆதலின் சிறுநீரகத்தின் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின், சிஸ்டாட்டின்-சி ஆகியவையும் கண்ணுக்கு வரும் கேட்டை உணர்த்துமா என இன்று ஆராயப்படுகிறது.

எனினும் எந்த ஒரு குறியும் கண் பரிசோதனைக்கு ஈடாகிவிடவில்லை. இரத்தச்சோகையும் தலசீமியாவும் ஹீமோகுளோபின் கணக்கையே பிறழச் செய்யக்கூடியவை. குருதிப் பரிசோதனை கண்ணைக் காப்பதில்லை. எவரை முதலில் கண் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பதைச் சொல்லவே அது உதவும். மருத்துவர் அரிதான இடத்திற்கே அதனால் மிகுந்த பயன் உண்டு.

ஈச்சிலம்பற்று மக்கள் நிலை யாது? 2004இல் கடல் பொங்கிற்று. 2006இல் போர் மூண்டு மக்களை வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் துரத்திற்று. உயிரைக் கையிற் பிடித்து ஓடுபவன் கிளினிக் கொப்பியைக் காத்துவைப்பானா? பல ஆண்டுப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தாலன்றிக் குருதியின் முன்னறிவிப்பு முழுமை பெறாது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் 2009இலேதான். அதற்கு முன்பு அத்துறையைக் கடந்து திருகோணமலைக்குச் செல்லப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கவேண்டியிருந்தது. நாட்கூலி உழவனுக்கு ஒருநாட் பயணம் என்பது ஒருநாட் சோறு.

இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் அருகியபோது, அப்பேறும் காக்கப்படவேண்டிய ஒன்றே என்பதை நாம் உணர்ந்தோம். ஊரிலே குருதி எடுத்து, அபாயம் மிக்கவரைத் தெரிந்து, அவரைக் கண் மருத்துவரிடம் கொண்டுசேர்க்கும் ஊர்தியையும் அரசு பொறுப்பேற்று நடத்தினால் மட்டுமே ஆய்வின் பயன் அவரைச் சென்றடையும். இல்லையேல் முன்னறிவிப்பு வசதி உள்ளவனுக்கு எச்சரிக்கையாகவும், ஏழைக்கு வெறும் தீர்ப்பாகவும் முடியும். இதை மாணவர்க்கு எடுத்துரைப்பதும், ஊர்ச் சபைகளில் கோரிக்கையாக எழுப்புவதும் ஆசிரியப் பெருமக்களின் கடன் என்போம்.