உயிர்வாயுக் கழிவில் கடற்பாசி வளர்ப்பு

உயிர்வாயுக் கலத்தில் வாயு எடுத்தபின் மிஞ்சும் குழம்பைக் கடற்பாசிக்கு உரமாக்கும் முறை. சாணமும் சந்தைக் கழிவும் காற்றுப்படாமல் நொதிக்கையில் காபனில் ஒரு பங்கு மீதேனாகவும் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். நைதரசனும் பொசுபரசும் பெரும்பாலும் குழம்பிலேயே தங்கிவிடும். அந்த நைதரசனில் கணிசமான பங்கு அமோனிய வடிவில் இருப்பதால் பாசி அதை நேரே உறிஞ்சிக்கொள்ளும்.

இம்முறையில் முக்கியமாக ஆராயப்பட்டது கிராசிலேரியா என்னும் செம்பாசிப் பேரினம். இலங்கையருக்கு அது புதிதல்ல. 'சிலோன் பாசி' என்று மருந்து நூல்களில் பேர்பெற்றதும், தமிழில் கஞ்சிப்பாசி எனப்படுவதும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பில் தென்மேல் பருவக்காற்று நீரைக் கலக்கும்போது பாசி பெயர்ந்து மிதக்கும். முன்னர் அதை அள்ளிப் பாயில் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவைத்தனர். நன்னீரில் பலமுறை அலசி மறுபடி வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். பிறகு குவித்து ஏற்றுமதிக்கு அனுப்பினர். 1834இல் கல்கத்தாவில் ஓஷானெஸி செய்த பகுப்பாய்வில் நூற்றுக்கு 54.5 பங்கு கூழ்ப்பொருளும் 15 பங்கு மாப்பொருளும் கிடைத்தன.

பெயர் மாற்றங்கள் பல. 1768இல் க்மெலின் கஞ்சிப்பாசியைப் பியூகஸ் எடுலிஸ் என்றார். கிராசிலேரியா என்னும் பேரினத்தைக் கிரெவில் 1830இல் அமைத்தார்; அவர் வழியில் கிராசிலேரியா லைக்கனாய்டிஸ் என்ற பெயரே நெடுநாள் வழங்கிற்று. 1952இல் சில்வா அதைக் கிராசிலேரியா எடுலிஸ் ஆக்கினார். அண்மைக் காலத்தில் ஹைட்ரோபன்டியா என்று தனியே பிரித்ததும் உண்டு. கிராசிலேரியா எடுலிஸ் என்ற பெயரே பொருத்தமானது. இலங்கைப் பாசிகளை ஆஸ்திரேலியா போகும் வழியில் 1853இல் ஹார்வி சேகரித்தார். பின்னர் 1936இல் பெர்கசனும், 1961இல் கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலைய வெளியீடாக மு. துரைரத்தினமும் பட்டியலிட்டனர். துரைரத்தினத்தின் நூலே இன்றும் முதலில் புரட்டவேண்டியது.

குழம்பை உரமாக்கும் சோதனை புளோரிடாவில் ஹார்பர் பிராஞ்ச் நிறுவனத்தில் நடந்தது. டெனிஸ் ஹனிசாக் 1981இல் வெளியிட்ட முடிவின்படி, நொதிகலக் கழிவில் வளர்ந்த கிராசிலேரியா டிக்வாஹியே செயற்கை உரத்தில் வளர்ந்ததற்கு ஈடாகவே இருந்தது. பாசியை நொதிக்கவைத்து வாயு எடுப்பது, எஞ்சியதை மறுபடி பாசிக்கே விடுவது என்பது திட்டம். ஜோன் ரைதரின் குழு இன்னொன்றையும் காட்டியது: நைதரசனுக்கு ஏங்கிய பாசியைச் சத்துநீரில் சில மணி நேரம் ஊறவைத்தால், அது சேமித்துக்கொண்டதைக் கொண்டு பல நாள் வெறுங்கடல்நீரில் வளரும். பசியோடிருக்கும் பாசி வைக்கோல் நிறமாய் வெளிறும். நைதரசன் ஏறினால் கருஞ்சிவப்பாகும். பண்ணையாளுக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. குழம்பை வடிகட்டாமல் விட்டால் நீர் கலங்கி வெளிச்சம் தடைப்படும். அளவு மிஞ்சினால் ஒட்டுப்பாசி பிடிக்கும். நீரின் காரத்தன்மை கூடினால் அமோனியா நஞ்சாகும்.

கொழும்பின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும், கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரத்திலும் உள்ள குழாய்கள் வழியே நெடுங்காலமாகக் கடலுக்குள் விடப்பட்டது. சத்து அதிலும் உண்டு. ஆனால் நொதிப்பும் இல்லை, அளவும் இல்லை, நோய்க்கிருமிக்குத் தடையும் இல்லை. எனவே அதை இம்முறையில் சேர்ப்பது தவறு. முறையான நொதிகலம் இலங்கையிலும் உண்டு: 1974இல் தொடங்கப்பட்டு ஏக்கலையில் இயங்கும் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலையும் சந்தைக் கழிவையும் ஒரே தடவையில் அடைத்து வாயு எடுக்கும் உலர்முறைக் கலத்தை உருவாக்கியது. அதன் கழிவு வயலுக்கும் தோட்டத்துக்கும் உரம்.

தற்போது இலங்கையின் வடகரையில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி. திறந்த கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கும் அதற்கு உரம் இடுவதில்லை.