சக்கரத்தின் அழகும் பயனும்

மனித குலத்தின் முன்னேற்றத்தைச் சுமந்து வந்த கருவிகளுள் சக்கரத்திற்குத் தனியிடம் உண்டு. மரவட்டமாய்த் தோன்றி, ஆரக்கால் பெற்று, இரும்புப் பட்டை அணிந்து, காற்றடைத்த இரப்பரைப் போர்த்துக்கொண்டு அது இன்றைய வடிவத்தை அடைந்திருக்கிறது. அந்த நீண்ட பயணத்தின் அண்மைக் கட்டம், புதிய மகிழுந்து வாங்கச் செல்லும் குடும்பங்களின் முன் ஒரு கேள்வியாக வந்து நிற்கிறது. எஃகுச் சக்கரத்தோடு நிறைவு கொள்வதா? கூடுதல் பணம் கொடுத்து, மலேசிய மக்கள் 'ஸ்போர்ட் ரிம்' என்று அழைக்கும் கலப்புலோகச் சக்கரத்தைப் பெறுவதா? இதற்கு விடை காண்பதில், விற்பனையாளரின் சொல்லைவிட வரலாறு சிறந்த துணையாக அமையும்.

சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குவோருக்கு எப்போதும் இருந்ததில்லை. 1908-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட 'டி' வகை மகிழுந்து மர ஆரக்கால் சக்கரங்களில் ஓடியது. ஒரே அமைப்பில் பெருந்தொகையாகச் செய்து விலையைக் குறைப்பதே ஃபோர்டின் கொள்கை. அவருடைய போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் சுலோன் வேறு வழியில் சென்றார். வாங்குவோரின் வசதிக்கும் விருப்பத்திற்கும் ஏற்பப் பல வகைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்தார். மக்கள் அந்தப் பக்கம் சாயத் தொடங்கினர். 1926-இல் ஃபோர்டும் தம் 'டி' வகைக்குக் கம்பி ஆரச் சக்கரத்தைக் கூடுதல் விலைக்கு அளித்தார். மறு ஆண்டு, ஒன்றரைக் கோடி வண்டிகளைக் கண்ட அந்த வகையின் உற்பத்தியே முடிவுற்றது. ஆகவே, விருப்பச் சக்கரம் என்பது நேற்றுப் பிறந்த வணிக உத்தி அன்று. அது ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கம்.

கலப்புலோகச் சக்கரத்தின் பிறப்பிடமோ காட்சிக்கூடம் அன்று, பந்தயக் களம். அலுமினியம் ஒரு காலத்தில் விலையுயர்ந்த உலோகமாக இருந்தது. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அதனைப் பெருமையோடு பொருத்தினர். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்த பின்னரே அது மலிவடைந்தது. அவ்வாறு மலிந்த உலோகத்தை எத்தோர் புகாட்டி சக்கரமாக வார்த்தார். 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பெரும் பந்தயத்தில் அவருடைய 35-ஆம் வகை வண்டிகள் களமிறங்கின. எட்டுத் தட்டையான ஆரங்களைக் கொண்ட அந்த அலுமினியச் சக்கரத்தோடு பிரேக் உருளையும் இணைந்திருந்தது. எடையைக் குறைப்பதும் பிரேக்கின் வெப்பத்தை விரைந்து வெளியேற்றுவதுமே அதன் நோக்கங்கள். அழகு பின்னர் வந்த புகழ்.

ஆனால், அந்த முதற்பந்தயத்தில் வெற்றி புகாட்டிக்குக் கிட்டவில்லை. சக்கரம் பழுதுபடவில்லை, அதன்மேல் பூட்டிய டயர்களே பழுதுபட்டன. இரப்பர் சரிவரப் பதப்படாமையால் டயர்களின் மேற்பட்டை பிய்ந்து போயிற்று. நல்ல டயர்கள் வாய்த்த பின் அதே குடும்ப வண்டிகள் 1925 முதல் 1929 வரை சிசிலித் தீவின் தார்கா ஃபுளோரியோ பந்தயத்தை ஐந்து முறை தொடர்ந்து வென்றன. சக்கரம் எத்துணைச் சிறந்ததாயினும் சாலையைத் தொடுவது டயரே என்னும் உண்மையை லியோன் அன்றே உணர்த்திவிட்டது.

பந்தயக் களத்திலிருந்து பொதுச்சாலைக்கு வர அச்சக்கரம் நெடுநாள் எடுத்துக்கொண்டது. 1960-களில் மினி வண்டிகளுக்காக மக்னீசியக் கலவையில் மினிலைட் சக்கரங்கள் தோன்றின. 1966-இல் அறிமுகமான போர்ஷே 911 எஸ் வண்டிக்கு, ஃபுக்ஸ் நிறுவனம் அலுமினியக் கலவையை அழுத்தி உருவாக்கிய சக்கரங்களை அளித்தது. இவற்றின் புகழ் பரவப் பரவ, வார்ப்புச் சக்கரங்கள் பெருகின, விலை இறங்கிற்று. சாதாரணக் குடும்ப வண்டியின் உயர்வகையை மலிவு வகையிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் சக்கரம் மாறிற்று. பொறியியல் தேவை அணிகலனான வரலாறு இதுதான்.

அணிகலனான பின்னும் பழைய பயன்கள் எஞ்சியுள்ளனவா? சக்கரம் சுருள்வில்லுக்குக் கீழே உள்ள சுமை. அது இலேசாக இருந்தால், மேடுபள்ளங்களில் டயர் சாலையை விட்டு அகலாமல் பற்றிச் செல்லும். இது மறுக்க முடியாத உண்மை. எனினும், அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதைக் கொண்டு, சக்கரமும் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும் என்று எண்ணுதல் பிழை. அலுமினியத்தின் விறைப்பும் அந்த அளவிற்கே குறைவு. ஆதலால், வார்ப்புச் சக்கரத்தைத் தடிப்பாகச் செய்கின்றனர். எஃகினும் கனமான வார்ப்புச் சக்கரங்களும் சந்தையில் உண்டு. அழுத்தி உருவாக்கியவை இலேசானவை. ஆனால் விலை மிகுந்தவை.

மேலும், விருப்பச் சக்கரம் பெரும்பாலும் அளவிலும் பெரிதாக வருகிறது. 15 அங்குலச் சக்கரத்திற்கு 185 மில்லிமீட்டர் அகலமும் அதில் 65 விழுக்காடு உயரமும் கொண்ட டயர் பொருந்துகிறது என்று கொள்வோம். அதன் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். அதே வண்டிக்கு 17 அங்குலச் சக்கரம் பூட்டினால், 205 மில்லிமீட்டர் அகலமும் 45 விழுக்காடு உயரமும் உள்ள டயர் வேண்டும். அதன் பக்கச்சுவரோ 92 மில்லிமீட்டர்தான். குழியில் விழும் அதிர்ச்சியைத் தாங்கும் இரப்பர் அவ்வளவு குறைந்துவிடுகிறது. மழைநீர் மூடிய குழி ஒன்றில் வண்டி விழுந்தால் எஃகு பெரும்பாலும் நெளியும். வார்ப்பு உலோகம் வெடிக்கவும் கூடும். நெளிந்த எஃகுச் சக்கரத்தை மாற்றச் சிறுதொகை போதும். வெடித்த கலப்புலோகச் சக்கரத்தை நம்பி ஓட்டுவது பாதுகாப்பன்று. புதிதாகவே வாங்க வேண்டும். டயர் தேய்ந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் பெரிய அளவிற்குரிய கூடுதல் விலை காத்திருக்கிறது. மலேசியாவில் மகிழுந்துக் கடன் ஒன்பது ஆண்டு வரை நீளக்கூடியது. விருப்பச் சக்கரத்தின் விலையைக் கடனில் சேர்த்தால், அழகுக்கும் வட்டி செலுத்த நேரும்.

இக்கேள்வியில் மலாயாத் தமிழரின் வரலாறும் ஒட்டியிருக்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு 22 இரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888-இல் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஹென்றி ரிட்லி ஏற்று, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைப் பின்னர் வகுத்தார். உலகின் சக்கரங்கள் பெருகப் பெருக, மலாயாவின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் விடியுமுன் விளக்கோடு சென்று மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். உலகம் உருண்டோடிய இரப்பரைத் தந்த அவர்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர். 1985-இல் புரோட்டான் சாகா வெளிவந்த பின், சொந்த மகிழுந்து என்னும் கனவு நடுத்தரக் குடும்பங்களுக்கு மெல்ல மெல்ல எட்டியது. அவர்களின் பேரர்கள் இன்று காட்சிக்கூடத்தில் நின்று சக்கரத்தைத் தெரிவு செய்வது, ஒரு சமுதாயம் கடந்து வந்த தொலைவின் அளவுகோல் எனலாம்.

ஆதலால், அழகை விரும்புவதைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. உழைத்து வாங்கும் வண்டி பொலிவோடு விளங்க வேண்டும் என்னும் ஆசை இயல்பானது. ஆனால், அழகைப் பாதுகாப்பு என்ற பெயரில் விற்றால், அதனை ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். இரு சக்கரங்களின் எடை எவ்வளவு, டயரின் அளவும் விலையும் என்ன, ஒன்று உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும் என்னும் மூன்று கேள்விகளை எழுப்பினால் உண்மை தெளிவாகும். அதே விட்டமும் குறைந்த எடையும் கொண்டு, விலையும் தாங்கத்தக்கதாயின் கலப்புலோகச் சக்கரம் ஏற்புடையதே. விட்டம் மட்டும் கூடி எடை குறையாதிருப்பின், அது வெறும் அணிகலன். அத்தொகையால் தரமான டயர் நான்கு வாங்குதல் அறிவுடைமை.

பெருந்தேரின் ஓட்டத்திற்குத் துணைநிற்கும் அச்சாணியின் சிறு உருவைக் கண்டு இகழலாகாது என்று வள்ளுவர் உணர்த்தினார். மகிழுந்தின் டயரும் அத்தகையதே. அதனைப் புகழ்ந்து பேசுவார் இல்லை. ஆயினும், மழை பெய்யும் இரவில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வரும் தந்தை பிரேக்கை மிதிக்கும் நொடியில், வண்டியை நிறுத்துவது பளபளக்கும் ஆரங்கள் அல்ல. உள்ளங்கை அகலத்திற்குச் சாலையைப் பற்றி நிற்கும் அந்தக் கறுத்த இரப்பரே ஆகும்.