டிராகன் இல்லாமல் கடிகாரம் ஓடாது

என் கதைகளில் இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று இயந்திரம், இன்னொன்று டிராகன். படிக்கிற தம்பி தங்கைகள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ரெண்டுல ஒண்ணை எழுதக்கூடாதா? டிராகன் சீனாவோடது, ரோபோ ஜப்பானோடது. இதுல நம்மளோடது எது?"

நியாயமான கேள்வி. வளைகுடாவில் வளரும் நமக்கு இந்த "நம்மளோடது எது?" எல்லா இடத்திலும் வந்து நிற்கும். ஊருக்குப் போனால் துபாய்ப் பிள்ளைகள், துபாயில் ஊர்ப் பிள்ளைகள். அதனால் இந்தக் கேள்விக்கு வரலாற்றை வைத்தே பதில் சொல்கிறேன். தொடங்கும் இடம் துபாய்தான்.

மாலில் நிற்கும் யானை

இப்னு பதூதா மாலில் இந்தியப் பகுதிக்குப் போனால் பெரிய யானை ஒன்று நிற்கும். முதுகில் ஒரு மாடம், கழுத்தில் பாகன், மாடத்தின் நடுவே வளைந்து தொங்கும் இரண்டு டிராகன்கள். பலர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது ஒரு கடிகாரம். அல் ஜஸரி என்ற பொறியாளர் வடிவமைத்த யானைக் கடிகாரத்தின் மாதிரி.

அல் ஜஸரி இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள தியார்பக்கிரில் அரசவைப் பொறியாளராக இருந்தவர். ஐம்பது இயந்திரங்களை விளக்கி அவர் அரபியில் எழுதிய நூல் 1206இல் முடிந்தது. சும்மா வர்ணனை இல்லை. படம் வரைந்து, எந்த உறுப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் நூல் அது.

யானைக் கடிகாரம் இப்படி வேலை செய்யும். யானையின் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் மிதக்கும் ஒரு கிண்ணம். கிண்ணத்தின் அடியில் சிறு துளை. தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, அரை மணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்கும்போது ஒரு கயிற்றை இழுக்கும். உடனே மாடத்தின் உச்சியிலிருந்து ஓர் உலோகக் குண்டு உருளும், மேலே இருக்கும் பறவை சுழலும், ஒரு பருந்தின் அலகிலிருந்து குண்டு டிராகனின் வாயில் விழும். குண்டின் எடையால் டிராகன் தலை தாழ்ந்து கீழே வரும், குண்டைக் கலயத்தில் போடும், மணி ஒலிக்கும், பாகன் கையை ஓங்கி அடிப்பான்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் முக்கியமான வேலை ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. தலை தாழும் டிராகன், மூழ்கிய கிண்ணத்தை மேலே தூக்கித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறது. குண்டு போனதும் எடை குறைந்து டிராகன் பழைய இடத்துக்குத் திரும்பும். கிண்ணம் மறுபடி மிதக்கத் தொடங்கும். மேலே குண்டுகள் இருக்கும் வரை இந்தச் சுற்று தானாக நடக்கும்.

அந்த டிராகன் அலங்காரம் இல்லை, ஒரு நெம்புகோல். அதை எடுத்துவிட்டால் கிண்ணம் ஒரு தடவை மூழ்கும், அவ்வளவுதான்.

அடுத்து அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். துளையிட்ட கிண்ணம் மூழ்கும் நேரத்தை வைத்துப் பொழுதை அளப்பது இந்தியாவில் பழைய வழக்கம். தமிழில் அதற்கு நாழிகை வட்டில் என்று பெயர். ஒரு நாழிகை 24 நிமிடம். அதற்கும் முன்பே, போர்ப் பாசறையில் அரசனுக்கு நீர்க்கடிகாரம் பார்த்துப் பொழுது சொல்பவர்கள் சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் வருகிறார்கள். கன்னல் என்பது அந்தக் கருவியின் பெயர்.

வானத்தில் ஒரு டிராகன்

"யானையும் கிண்ணமும் சரி, டிராகன் நம்மிடம் ஏது?" என்பீர்கள். உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி காலண்டரில், திங்கட்கிழமை 7.30 முதல் 9.00 வரை ராகு காலம் என்று போட்டிருக்கும். அந்த ராகுதான்.

கதை தெரிந்திருக்கும். பாற்கடலைக் கடைந்தபோது ஓர் அசுரன் ஏமாற்றி அமுதம் குடித்தான். திருமால் அவனை இரண்டாக வெட்டினார். அமுதம் குடித்ததால் இரண்டு துண்டுக்கும் சாவில்லை. தலை ராகு, வால் கேது. காட்டிக்கொடுத்த சூரியனையும் சந்திரனையும் இரண்டும் துரத்துகின்றன. பிடித்து விழுங்கினால் கிரகணம்.

அரபு வானியலாளர்களும் கிரகணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரும் பாம்பைச் சொன்னார்கள். தின்னீன் என்று பெயர். அதற்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்கு அரபியில் 'ராஸ்'. ராஸ் அல் கைமா என்று தினமும் சொல்கிறோமே, அதே ராஸ். வானில் டிராகன் விண்மீன் கூட்டத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரத்துக்கு இன்றும் எல்டானின் என்றுதான் பெயர். அல் தின்னீன் என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போய் அப்படி ஆயிற்று.

உண்மையில் அங்கே இருப்பது என்ன? சந்திரனின் பாதை சூரியனின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களுக்குப் பக்கத்தில் நடந்தால்தான் கிரகணம் வரும். அந்தப் புள்ளிகளில் கல்லும் கிடையாது, ஒளியும் கிடையாது. ஆனால் அவை நகர்கின்றன. 18.6 ஆண்டுகளில் வானத்தைப் பின்னோக்கி ஒருமுறை சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு புள்ளிகளுக்கு நம்மவர்கள் வைத்த பெயர்தான் ராகு, கேது.

இதில் ஒரு சண்டையும் உண்டு. கிரகணம் நிழலால் வருகிறது என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல் பிரூனி, கணக்கு நன்றாகத் தெரிந்த பிரம்மகுப்தரே ராகுவின் தலை பற்றிய நம்பிக்கைக்கு இடம் கொடுத்தாரே என்று கண்டித்தார். அல் பிரூனியின் கோபம் எனக்குப் பிடிக்கும். கிரகணத்துக்குக் காரணம் பாம்பு என்றால் அது பொய். அதற்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவது அதைவிட நஷ்டம். ஆனால் ராகு என்ற பெயரை வைத்துக் கணக்குப் போட்டவர்களின் கதை வேறு.

சோழியால் பிடித்த பாம்பு

1825இல் ஜான் வாரன் என்பவர் தென்னிந்தியக் காலக்கணக்கைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவருக்கு வந்த பிழை சுமார் 4 நிமிடம்தான். நடு நேரத்தில் 23 நிமிடம், முடியும் நேரத்தில் 52 நிமிடம் என்று பிழை கூடியது. இருக்கட்டும். வெறும் சோழியையும் நினைவையும் வைத்து நீங்களும் நானும் எவ்வளவு நெருங்குவோம்?

அந்தக் கணக்கில் ராகு ஒரு எண். எத்தனை சோழி, எந்த வரிசை, அவ்வளவுதான். அல் ஜஸரியின் டிராகன் எப்படி ஒரு நெம்புகோலோ, அப்படி இந்தப் பாம்பு ஒரு கணக்கின் உறுப்பு. இரண்டும் வெறும் வேடிக்கைக்காக வந்தவை அல்ல. எடுத்துவிட்டால் வேலை நின்றுபோகும்.

இதே வழியில் நடந்த இன்னொருவரை உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியும். எழுத்தாளர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்கு உள்ளவர். ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில், யோசிக்கும் இயந்திரம் ஒன்றைத் தமிழ் வாசகர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. பெட்டியாகக் காட்டவில்லை. ஜீனோ என்ற நாய்க்குட்டியாகக் காட்டினார். கம்ப்யூட்டரையே பார்த்திராதவர்களும் ஜீனோவை நேசித்தார்கள்.

புரியாத புதுசுக்குத் தெரிந்த ஒரு பிராணியின் முகத்தைக் கொடுப்பது பழைய வேலை. தியார்பக்கிரிலும் செய்தார்கள், புதுச்சேரியிலும் செய்தார்கள். எழுதும்போது என்னை நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த டிராகன் கதையில் என்ன வேலை செய்கிறது? பதில் இல்லையென்றால் அது வெறும் பொம்மை.

இனி "நம்மளோடது எது?" என்ற கேள்விக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 26 அன்று ஒரு வளைய சூரிய கிரகணம். அதன் பாதை சவூதியில் தொடங்கியது. கத்தாரையும், அபுதாபியின் லிவா பாலைவனத்தையும், ஓமானையும் தாண்டிக் கடலைக் கடந்தது. பிறகு கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக யாழ்ப்பாணத்தைத் தொட்டு, சிங்கப்பூர் வரைக்கும் போனது. லிவாவில் சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் தெரிந்த அந்த நெருப்பு வளையத்தை, திண்டுக்கல்லில் காலை ஒன்பதரை மணி வாக்கில் பார்த்தார்கள். நம் குடும்பங்கள் சிதறிக் கிடக்கும் ஊர்களை ஒரே காலையில் ஒரு நிழல் தொட்டுக்கொண்டு போனது. பஞ்சாங்கக் கணக்குப்படி அன்றைக்குப் பிடித்தது கேது, அதாவது டிராகனின் வால்.

அந்த வால் மறுபடி வருகிறது. 2027 ஆகஸ்ட் 2 அன்று ஜித்தா, மக்கா வழியாக முழு சூரிய கிரகணம். அமீரகத்தில் அன்று பிற்பகல் சூரியன் கடிபட்டதுபோல் தெரியும். கிரகணக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டு வந்து ஒரு கதை எழுதுங்கள். இயந்திரமா டிராகனா என்று யாராவது கேட்டால், இரண்டும் எங்களோடதுதான் என்று சொல்லுங்கள்.