பாலாற்றங்கரையில் யவனர்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே பாலாற்றின் கரையில் அமைந்த வாலாஜாபாத்தும், ஆற்றுக்குத் தெற்கே அமைந்த உத்திரமேரூரும் பழைய தொண்டை நாட்டின் நெஞ்சுப்பகுதியைச் சேர்ந்தவை. இந்நிலத்தைக் கிரேக்கப் படை எதுவும் மிதித்ததில்லை, கி.மு. 326இல் பஞ்சாபுக்குள் நுழைந்த அலெக்சாந்தரின் படை பியாஸ் ஆற்றங்கரையோடு திரும்பிவிட்டது, அவருக்குப் பின் வடமேற்கில் ஆண்ட இந்தோ-கிரேக்க மன்னர்களின் ஆட்சியும் தென்னாட்டை எட்டவில்லை. ஆயினும் கிரேக்க மொழியாளரின் வணிகமும் வானியலும் மருத்துவமும் தருக்கமும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் இப்பகுதியை வந்தடைந்தன. ஒவ்வொரு முறையும் அவை வேறொரு மக்களின் கைவழியாக, பெரும்பாலும் வேறொரு மக்களின் பெயரைத் தாங்கியே வந்தன என்பதால், கிரேக்கருக்கும் தொண்டை நாட்டுக்கும் இருந்த தொடர்பு நம் வரலாற்று நூல்களில் உரிய இடத்தைப் பெறாமலே போயிற்று.

சங்கப் பாடல்கள் கடல் கடந்து வந்த மேற்குநாட்டாரை யவனர் என்கின்றன. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த பகுதிக்கு அயோனியா என்று பெயர். பாரசீகர் அப்பகுதி மக்களைக் குறித்த சொல்லே பிராகிருதத்திலும் வடமொழியிலும் உருமாறித் தமிழுக்கு வந்தது. பிற்காலத்தில் அரபியர் உட்பட மேற்கிலிருந்து வந்த எவரையும் அச்சொல் குறித்தது என்றாலும், கிறிஸ்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகளில் அது முதன்மையாகச் சுட்டியது எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்தும் செங்கடல் துறைமுகங்களிலிருந்தும் புறப்பட்டு வந்த கிரேக்க மொழியாளரையே. அவர்களுடைய கலங்கள் பெரியாற்றின் நுரை கலங்கப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறும், அவர்கள் கொண்டுவந்த நறுமண மதுவைப் பாண்டியன் பொற்கலத்தில் பருகியதைப் புறநானூறும் பதிவு செய்கின்றன. முல்லைப்பாட்டு அவர்களை அரசனின் பாசறைக் காவலராகக் காட்டுகிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப்பட்டினத்தின் வருணனை வருகிறது. மேற்கிலிருந்து வந்த வெண்குதிரைகளும், வடதிசைப் பொருள்களை ஏற்றிய நாவாய்களும், இரவில் கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கமும் அங்கே இருந்தன என்று பாடும் புலவர், யவனர் உயரத்தில் ஏற்றிவைக்கும் அன்ன வடிவ விளக்கையும் ஓர் உவமையாகக் கையாள்கிறார். கேட்பவர் அறியாத பொருளைப் புலவர் உவமையாக்குவதில்லை. யவனரின் விளக்கு அக்காலத் தொண்டை நாட்டாருக்குப் பழகிய காட்சியாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்த வணிகத்தை ரோமானிய வணிகம் என்று அழைப்பதே நூல்களின் வழக்கம். முதலீட்டின் ஒரு பகுதியும், சுங்கமும், சரக்கின் பெருஞ்சந்தையும் ரோமுடையவை என்ற அளவில் அது சரியே, கி.மு. 30இல் எகிப்து ரோமின் ஆட்சிக்குள் வந்த பிறகுதான் வணிகம் பெருகியது, ஒரு செங்கடல் துறையிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 120 கலங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ எழுதுவதும் அதற்குப் பிந்திய நிலையையே. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு நடுக்கடலைக் கடக்கும் வழியை அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எகிப்தின் கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் இந்தியக் கடற்கரையை வருணித்து எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடல் வழிநூல்' கிரேக்க மொழியில் ஒரு வணிகர் எழுதியது. கமரா, பொதுகே, சோபத்மா என்று சோழமண்டலக் கரையின் மூன்று துறைகளை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு என்றும் கருதப்படுகின்றன. சோபத்மாவை மரக்காணத்தோடு இணைப்பவர் பலர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிலவியல் நூல் எழுதிய தாலமியும் அலெக்சாந்திரியாவின் கிரேக்க மொழியாளரே. இவற்றையெல்லாம்விட உறுதியான சான்று, இப்போது வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஆவணம். பாப்பிரஸ் என்பது எகிப்தின் நீர்ப்புல் தண்டிலிருந்து செய்த எழுதுதாள். முசிறித் துறையோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தம் அத்தாளின் ஒரு பக்கத்திலும், ஹெர்மபொல்லோன் என்ற கலம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சரக்கின் மதிப்பு மறுபக்கத்திலும் எழுதப்பட்டுள்ளன. யானைத் தந்தமும் கங்கைப் பகுதியின் சடாமாஞ்சிலும் அந்தச் சரக்கில் அடக்கம். அரசு வசூலித்த சுங்கம் நான்கில் ஒரு பங்கு. கலத்தின் பெயர் இரு கிரேக்கக் கடவுளரின் பெயர்களைச் சேர்த்தது, ஆவணத்தின் மொழி கிரேக்கம். ஆட்சி ரோமுடையது, கடலோடியது கிரேக்கம் என்று பிரித்துச் சொல்வதே நேர்மையான கணக்காகும்.

பாலாறு வாலாஜாபாத்தைக் கடந்து செங்கல்பட்டு வழியாகச் சென்று கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரம் என்ற சிற்றூர் உள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970ஐ ஒட்டி அங்கு நடத்திய அகழாய்வில் செங்கல் கட்டுமானங்கள், அடுத்தடுத்து அமைந்த இரு உறைகிணறுகள், உருளை அச்சால் கோலமிட்ட மட்கலங்கள், கூரிய அடிப்பகுதி கொண்ட சாடிகளின் துண்டுகள் ஆகியவை வெளிப்பட்டன. இவை கிறிஸ்துவுக்குப் பிந்திய தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இரா. நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அகழாய்வு அறிக்கை 1978இல் வெளியாயிற்று. காஞ்சியின் பொருள்கள் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே கடலை அடைந்திருக்கக்கூடிய இடம் இதுவே என்பதால், நீர்ப்பெயற்றைத் தேடுவோரும் இந்தக் கழிமுகத்தைத் தவிர்க்க முடியாது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. கூரிய அடிச்சாடி கிடைத்த இடமெல்லாம் ரோமானிய மது வந்த இடம் என்று முன்பு எழுதப்பட்டது; ஆனால் இந்தியக் கரையோரம் கிடைத்த அத்தகைய சாடிகளில் பாரசீக வளைகுடாப் பகுதியில் செய்யப்பட்டவையும் கலந்துள்ளன என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. ஐயத்துக்கு இடமின்றிக் கிரேக்கத் தொடர்பைச் சொல்லும் சாடிகள் அரிக்கமேட்டில் கிடைத்துள்ளன. 1945இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த அவ்விடத்தில், மது ஏற்றிவந்த சாடிகளில் மிகுதியானவை ஏஜியன் கடலில் உள்ள கிரேக்கத் தீவான கோஸின் வகையைச் சேர்ந்தவை என்று அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் கண்டறிந்தார். மேற்கே கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமக் காசுகளோடு தெசலி, கிரீட், ரோட்ஸ் முதலான கிரேக்கப் பகுதிகளின் காசுகளும் கிடைத்ததை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டார்.

கிரேக்க அறிவின் மற்றொரு வருகை வாலாஜாபாத்தின் பெயரோடே பிணைந்தது. 1749 முதல் 1795 வரை ஆர்க்காட்டு நவாபாக இருந்த முகம்மது அலியின் பட்டப்பெயர் வாலாஜா. அப்பெயரைத் தாங்கிய ஊர்களில் ஒன்றே வாலாஜாபாத். அவருடைய அரசவை பாரசீக மொழியில் எழுதியது, ஹக்கீம்கள் என்ற மருத்துவர்களைப் போற்றியது. ஹக்கீம்களின் மருத்துவமுறைக்கு யுனானி என்று பெயர். அயோனியாவிலிருந்தே பிறந்த அப்பெயருக்குக் கிரேக்கருடையது என்பது பொருள். ஹிப்போக்ரட்டீஸும் கேலனும் எழுதிய மருத்துவ நூல்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலானோரால் அரபிக்குப் பெயர்க்கப்பட்டன. இப்னு சீனாவின் பெருநூலில் தொகுக்கப்பட்டு, பாரசீகத்தின் வழியே தில்லிக்கும், தில்லியிலிருந்து தக்காணத்துக்கும் ஆர்க்காட்டுக்கும் வந்தன. குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு உடல்நீர்களின் சமநிலையே நலம் என்ற கொள்கையை அம்மருத்துவம் இன்றளவும் தன் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது; சென்னை அரும்பாக்கத்தில் அதற்கென அரசுக் கல்லூரியும் இயங்குகிறது. மருத்துவத்தைவிடக் குறைவாகப் பேசப்படுவது தருக்கம். இலக்னோவின் ஃபரங்கி மஹல் அறிஞர் மரபைச் சேர்ந்தவரும், கல்விக்கடல் என்று பொருள்படும் பஹ்ருல் உலூம் என்ற பட்டம் பெற்றவருமான அப்துல் அலி, நவாபின் ஆதரவில் சென்னைக்கு வந்து மதரஸா ஒன்றில் கற்பித்து, 1810இல் இங்கேயே மறைந்தார். அவர் கற்பித்த பாடத்திட்டத்தில் மன்திக் எனப்படும் தருக்கம் முதன்மை இடம் பெற்றிருந்தது. அதன் வித்து அரிஸ்டாட்டிலின் நூல்கள். ஆங்கிலக் கல்லூரிகள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் திருவல்லிக்கேணிப் பக்கம் அரபி மொழியில் வந்து சேர்ந்திருந்தார் என்பது நம் கல்வி வரலாறு விட்டுவிட்ட செய்தி.

இதே போன்ற மற்றொரு வழி தரங்கம்பாடியில் தொடங்கியது. விவிலியத்தின் புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்கத்தில். அதை ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழாக்கி 1714, 1715 ஆண்டுகளில் அச்சிட்டார்.

தொடர்பு இல்லாத இடத்தில் தொடர்பைக் கற்பிப்பதும் தவறே. அதற்கு உத்திரமேரூர் எடுத்துக்காட்டு. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் அவ்வூர்க் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், பிராமணர் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், கல்வியும் உடையவராக, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவரின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டு, சிறுவன் ஒருவன் கையால் எடுக்கப்பட்டன. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதியிழந்தனர். அண்மை மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. ஏதென்சில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் 500 பேர் கொண்ட அவை ஆண்டுதோறும் சீட்டுக்குலுக்கிலேயே அமைந்தது. 30 வயது நிறைந்தவரே உறுப்பினராகலாம், வாழ்நாளில் இருமுறைக்கு மேல் முடியாது, பொறுப்பு முடிந்ததும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒற்றுமை வியப்புக்குரியதுதான். எனினும் இரண்டுக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் உள்ளன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி எதுவும் இல்லை. பதவியாசையையும் பொதுப்பண மோசடியையும் தடுக்க முனைந்த இரு சமூகங்கள் தத்தம் அறிவால் ஒரே தீர்வை அடைந்தன என்று சொல்வதே உத்திரமேரூருக்கும் ஏதென்சுக்கும் ஒருங்கே பெருமை. ஏதென்சில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும், உத்திரமேரூரில் பெண்களுக்கும் நிலமில்லாதவருக்கும் பிற சாதியினருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிரேக்கரின் வருகைகளில் மிக ஆழமாக வேரூன்றியது எதுவென்றால், அது தமிழர் வீடுதோறும் தொங்கும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஒரு நாளை 24 ஓரைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கோளுக்கு உரியதாக்கும் முறை, பாபிலோனிய வானியலும் எகிப்திய நாட்கணக்கும் கிரேக்க மொழியில் ஒன்றுகலந்த காலத்தில் உருவானது. ஓரை என்ற பெயரே கிரேக்கம். பூமியிலிருந்து தொலைவு குறையும் வரிசையில் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று கோள்களை அடுக்கி, சனிக்கிழமையின் முதல் ஓரையைச் சனிக்குக் கொடுத்து எண்ணினால், இருபத்தைந்தாவது ஓரை, அதாவது மறுநாளின் முதல் ஓரை, சூரியனுக்கு வரும். அதற்கடுத்த நாள் சந்திரனுக்கு வரும். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற கிழமை வரிசை இந்தக் கணக்கின் விளைவு. இந்தியக் கல்வெட்டுகளில் கிழமையைக் குறிக்கும் மிகப் பழையதாகக் கருதப்படுவது மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள 484ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஆறாம் நூற்றாண்டில் வானியலறிஞர் வராகமிகிரர் ஐந்து வானியல் சித்தாந்தங்களைத் தொகுத்தபோது ரோமக சித்தாந்தத்தையும் பௌலிச சித்தாந்தத்தையும் அவற்றுள் சேர்த்தார். யவனர் மிலேச்சரே ஆயினும் இச்சாத்திரம் அவர்களிடம் நிலைபெற்றிருப்பதால் முனிவரைப்போல் மதிக்கத் தக்கவர் என்ற பழங்கருத்தையும் எடுத்துரைத்தார். இன்று தமிழ்ச் சோதிடர் சாதகத்தில் கையாளும் கேந்திரம், பணபரம், ஆபோக்லிமம் ஆகிய மூன்று சொற்களும் கிரேக்கக் கலைச்சொற்களின் திரிபுகளே.

சோதிடத்தைவிட வானியல் கணக்கில் இத்தொடர்பு இன்னும் நுட்பமானது. வாக்கியப் பஞ்சாங்கம் என்பது, சந்திரனின் நாள்தோறும் மாறும் இருப்பை 248 வாக்கியங்களாக எழுத்தெண்ணில் அமைத்து மனப்பாடம் செய்து கணிக்கும் முறை. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள்கள் ஆகின்றன. அத்தகைய 9 சுழற்சிகள் 248 நாள்களுக்கும், 110 சுழற்சிகள் 3031 நாள்களுக்கும் மிக நெருக்கமாகப் பொருந்துகின்றன. சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பில் சிலகாலம் இருந்த ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட 'காலசங்கலிதம்' என்ற நூலில், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் எழுதுகோல் எதுவுமின்றி, தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவு செய்தார். அந்தப் பதிவை 1952இல் ஆராய்ந்த கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நியூகபவர், தமிழ்க் கணிதரின் 248, 3031 என்ற அதே இரு எண்களும் எகிப்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு இப்போது மான்செஸ்டரில் உள்ள கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றிலும் அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கணக்கின் பிறப்பிடம் பாபிலோன்; அதை எகிப்துவரை ஏந்திச் சென்ற மொழி கிரேக்கம். அங்கே அது தாலமியின் வடிவியல் வானியலின் முன் மங்கி, பாப்பிரஸ் துண்டுகளில் மட்டும் எஞ்சியது. தமிழகத்திலோ, அவ்வப்போது திருத்தம் பெற்று, ஓலையிலிருந்து அச்சுக்கு மாறி, திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு வழக்காடிக்கொண்டே, பல கோயில்களின் திருவிழா நாளையும் கிரகணக் கால நடைசாத்தலையும் முடிவு செய்யும் கணக்காக இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.