பொதுத் திடல் மேலாண்மையில் மக்கள் கருத்து: உத்திரமேரூர் முதல் கொல்லிமலை வரை

ஆய்வுச் சுருக்கம்

பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகிய பொது நிலங்களின் மேலாண்மையில் மக்களின் கருத்து எக்கட்டத்தில் இடம்பெற்றது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. உத்திரமேரூர்த் தோட்ட வாரியம், சென்னைப் பீப்பிள்ஸ் பார்க், 1959-ஆம் ஆண்டுச் சட்டம், 2024-இல் சென்னையில் எழுந்த கால்பந்துத் திடல் சிக்கல் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. திடலைக் காக்கும் சட்டம் வளர்ந்த அளவுக்கு, முடிவெடுக்கும் முன் மக்களைக் கேட்கும் நடைமுறை வளரவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பொதுத் திடல், தோட்ட வாரியம், கிராம சபை, கருத்துக்கேட்பு, கொல்லிமலை.

முன்னுரை

காரவள்ளி, நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலை இங்கிருந்து மேலேறுகிறது. காப்புக்காடும் சரிவும் சூழ்ந்த மலைப்பகுதியில் சமதளமான பொதுத் திடல் ஒன்றை இழந்தால் அதற்கு மாற்றிடம் காண்பது அரிது. ஆகவே, அத்திடலின் பயன்பாட்டை முடிவு செய்பவர் யார் என்னும் வினா அங்குக் கூடுதல் கனம் பெறுகிறது. அவ்வினாவுக்குத் தமிழக வரலாறு அளித்த விடைகளை இனிக் காணலாம்.

1. தோட்ட வாரியம்

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவற்றில் தோட்ட வாரியம் பெறும் இடமும் கருதத்தக்கது. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழந்தனர்.

இதனை இக்காலப் பூங்கா நிர்வாகத்தோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. அது பிரமதேய ஊரின் சபை. காணி, வீடு, வயது, வேதக்கல்வி ஆகியவற்றால் தகுதி வரையறுக்கப்பட்டது. பெண்களும் உழுகுடிகளும் அதற்குப் புறத்தே நின்றனர். எனினும் தனிக் குழு, வரையறுத்த காலம், கணக்குக் காட்டும் கடமை ஆகிய மூன்றும் அதன் நெறிகளாக இருந்தன. யார் கேட்கப்பட்டனர் என்பதில் அச்சபை குறுகியது. பொறுப்பேற்றவர் எவ்வாறு விடையளிக்க வேண்டும் என்பதில் தெளிவுடையது.

2. கொடையாக வந்த பூங்கா

சென்னையில் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, சுமார் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் உருவாயிற்று. பெயரில் மக்கள் இருந்தனர்; ஆயின் அது ஆட்சியாளர் அளித்த கொடை. கொடுத்தவரே அதனைப் பகுத்தளிக்கவும் முடிந்தது. 1888-இல் விக்டோரியா பொது மண்டபம், 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் மாளிகை என அப்பரப்பில் கட்டடங்கள் எழுந்தன. விடுதலைக்குப் பின்னும் இப்போக்கு தொடர்ந்தது. 1993-இல் நேரு விளையாட்டரங்கம் அங்கு அமைந்தது. இவை ஒவ்வொன்றும் பொதுநோக்கம் உடையனவே. ஒரு பொதுநோக்கத்துக்காக மற்றொரு பொதுநோக்கம் சுருங்குவதே இங்குள்ள சிக்கல். திறந்தவெளி ஒரே நாளில் பறிபோகவில்லை. பயனுள்ள கட்டடங்களின் வழியே சிறிது சிறிதாகக் குறைந்தது.

3. சட்டமும் நீதிமன்றமும்

தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் (பாதுகாத்தல் மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டம், 1959 இச்சுருக்கத்துக்கு எல்லையிட முனைந்தது. உள்ளாட்சி அமைப்புகள் இவ்விடங்களுக்குப் பட்டியல் அணியமாக்க வேண்டும். பட்டியலில் இடம்பெற்ற இடத்தை அரசின் முன்னனுமதியின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது. ஆக, பயன் மாற்றத்துக்கான இசைவு மேல்நோக்கி அரசிடம் கேட்கப்படுகிறது.

இந்நிலையில் குடியிருப்போர்க்கு எஞ்சிய வழி நீதிமன்றமே. பெங்களூரில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் தனியார் மருத்துவமனைக்கு அளிக்கப்பட்டதை எதிர்த்து அப்பகுதி மக்கள் வழக்காடினர். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பா வழக்கில் (1991) உச்ச நீதிமன்றம் அவ்வொதுக்கீடு செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்ததுடன், வழக்குத் தொடுக்கும் குடியிருப்போரின் தகுதியையும் ஏற்றது. இது பெரும் வெற்றி; ஆயினும் முடிவுக்குப் பின் கிடைத்த செவிசாய்ப்பு.

4. கால்பந்துத் திடல்கள், 2024

2024 அக்டோபர் இறுதியில் பெருநகர சென்னை மாநகராட்சி மன்றம், ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களின் பராமரிப்பைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானித்தது. ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்பது பெரும் எதிர்ப்பை எழுப்பவே, உடனடியாக அத்தீர்மானம் திரும்பப் பெறப்பட்டு, திடல்கள் கட்டணமின்றித் தொடரும் என அறிவிக்கப்பட்டது. செயற்கைப் புல்தரையைப் பேணுதல் செலவுமிக்கது என்பது மறுக்கவியலாதது. அச்செலவை எவர் ஏற்பது என்பதே விவாதத்துக்குரிய பொருள். 2022 நவம்பரில் கூடத் தொடங்கிய நகர்ப்புறப் பகுதி சபைகள் இத்தகைய விவாதத்துக்கு ஏற்ற களங்கள். ஆயினும் பொதுவெளியில் வாதம் எழுந்தது தீர்மானத்துக்குப் பின்னரே.

5. கொல்லிமலையின் நிலை

ஊரகத்தில் நிலைமை வேறு. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி கூடும் கிராம சபை, முன்கூட்டியே கேட்பதற்கான மன்றம். 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஆனால் தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் அறிவிக்கப்படாமையால், கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் வழங்கும் 1996-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டம், மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் கொல்லிமலைக்குப் பொருந்துவதில்லை.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும். அதன் 3(2) பிரிவு, கிராம சபையின் பரிந்துரையோடு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை 13 வகைப் பொது வசதிகளுக்கு மாற்ற வழிசெய்கிறது. பள்ளி, சாலை, சமுதாயக் கூடம் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. விளையாட்டுத் திடல் இல்லை. எனவே ஊர் ஒருமனதாகக் கேட்டாலும் இப்பிரிவின்கீழ் வனநிலத்தில் புதிய திடல் பெற இயலாது. இருப்பதைக் காத்தலே நடைமுறை வழியாகிறது. வழிவழியாக ஊர் கூடியும் ஆடியும் வந்த வெளி வனநிலத்தில் இருப்பின், மரபுவழி உரிமைகளைக் கூறும் 3(1) பிரிவின்கீழ் கிராம சபை வழியாக அதனைக் கோர இடமுண்டு.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொதுத் திடல்கள் பெரும்பாலும் தீய நோக்கத்தால் அன்றி, கேட்கப்படாமையால் சுருங்குகின்றன. மற்றொன்று, கேட்பது மட்டும் போதாது; உத்திரமேரூர் காட்டுவதுபோல், அவையில் எவர்க்கு இடமில்லை என்பதும் எண்ணப்பட வேண்டும். திடலை நாளும் பயன்படுத்தும் சிறாரும், பயன்படுத்த வாய்ப்புப் பெறாத பெண் பிள்ளைகளும் கிராம சபையில் வாக்குடையோர் அல்லர். ஒவ்வோர் ஊராட்சியும் தன் திடல்களைப் பட்டியலிட்டு, அப்பட்டியலையும் பராமரிப்புக் கணக்கையும் ஆண்டுக்கொருமுறை கிராம சபையில் படித்தல் முதற்படியாகும். பட்டியலில் இல்லாத திடல் குறைவுபடுவதை எவரும் அறியார்.