நின்றுபோனவர் கணக்கு

பூலாம்பாடிப் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்தை எடைபோட ஒரே படிக்கல்தான்: "பத்தாவதுல எத்தன பர்சென்ட் பாஸு?" இந்தக் கணக்கு பரீட்சை எழுதியவரை மட்டும் எண்ணுகிறது. ஆறாவதில் சேர்ந்து, பருத்தி எடுக்கப் போய், ஒன்பதாவதில் நின்றுபோன சேரிப்பிள்ளை அதில் இல்லை.

வரலாறு வேறு அளவுகோல் தருகிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் பறையர் நிலை குறித்து அறிக்கை கொடுத்தார். 1893இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கு ஆணை போட்டது. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி திறந்தார். 1920களில் லேபர் டிபார்ட்மென்ட் பள்ளிகள் வந்தன. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அதன் தொடர்ச்சி. தனிப்பள்ளி எதற்கு வந்தது? 'பொது' என்று பேர் வைத்த பள்ளியில் நம்ம பிள்ளைக்கு இடமில்லை, அதனால்தான்.

இப்போது கதவு திறந்திருக்கு. உள்ளே? 2022இல் பெருந்துறைப் பக்கம் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். இதையெல்லாம் எந்தப் பர்சென்ட் காட்டும்?

ஆகவே பள்ளியைப் பார்த்துக் கேளுங்கள்: ஆறாவதில் சேர்ந்த நம்ம பிள்ளைகள் எத்தனை, பத்தாவது முடித்தவர் எத்தனை? விளக்குமாறு யார் கையில்? அதற்குப் பிறகு சொல்லுங்கள், நல்ல ஸ்கூலா இல்லையா என்று.